ஐபாடை இணைத்தால் பாட்டெல்லாம் அழிந்துவிடுமா?

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். கிளிக் வீல் (விரலால் சுற்றித் தேடும் வட்டப் பட்டன்) உள்ள பழைய ஐபாட் ஒன்று உங்களிடம் இருக்கிறது. பல வருடமாகச் சேர்த்த பாட்டுகள் இப்போது அதில் மட்டும்தான் மிச்சம், ஏனென்றால் அவற்றை ஏற்றிய கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது. புது விண்டோஸ் லேப்டாப்பில் ஐட்யூன்ஸ் (ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் ஆப்பிள் சாஃப்ட்வேர்) போட்டு ஐபாடை இணைத்தீர்கள். ‘இது வேறொரு லைப்ரரியுடன் சிங்க் ஆனது, இதில் உள்ளதை அழித்துவிட்டு இந்த லைப்ரரியுடன் சிங்க் செய்யவா?’ என்று திரையில் வந்ததும் பயந்துபோய் வயரைப் பிடுங்கிவிட்டீர்கள். (லைப்ரரி என்பது ஐட்யூன்ஸ் வைத்திருக்கும் பாட்டுத் தொகுப்பு; சிங்க் என்பது இரண்டு இடத்தில் உள்ளதையும் ஒன்றுபோல ஆக்குவது.) இனி அந்தப் பாட்டுகள் லேப்டாப்புக்கு வர வேண்டும். மெமரி கார்டு போடும் புது பிளேயரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் அதே தொகுப்பு இருக்க வேண்டும். இதற்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் சாஃப்ட்வேர் இரண்டாம்பட்சம். ஒரே பாட்டு மூன்று இடத்தில் இருக்கப்போகிறது. அதில் எது அசல், எது நகல், மாற்றங்கள் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அது முடிவாகிவிட்டால் எந்த சாஃப்ட்வேரை வைத்தும் வேலையை முடிக்கலாம். முடிவாகாவிட்டால் எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரும் என்றாவது ஒருநாள் தொகுப்பைத் துடைத்துவிடும்.

கேசட், சிடி, பழைய பிளேயர் இவற்றிலிருந்து பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பது பல வருடமாக நான் செய்துவரும் வேலை. இதே நிலைமையில் வந்த ஐபாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நீங்கள் ‘சரி’ சொல்லவில்லை என்றால், அது ஒரு பாட்டையும் அழித்திருக்காது. இது உறுதி. வயரைப் பிடுங்கியதால் ஏதாவது கெட்டிருக்குமா என்றால், அந்த நேரத்தில் எதுவும் எழுதப்பட்டுக்கொண்டிருக்காததால் வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்ல முடியும். ஐபாடைத் தனியாக ஆன் செய்து, பட்டியல் முழுசாக வருகிறதா, நாலைந்து பாட்டு கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் பிரச்சினை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஐட்யூன்ஸ் 2001 ஜனவரியிலும் முதல் ஐபாட் அதே வருடம் அக்டோபரிலும் வந்தன. இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் ஒரு விதி வைத்தார்கள்: பாட்டின் வீடு கம்ப்யூட்டர், ஐபாட் அதன் கண்ணாடி பிம்பம். கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைச் சேர்த்தால் ஐபாடிலும் சேரும், அங்கே நீக்கினால் இங்கேயும் போய்விடும். எதிர்த்திசையில், ஐபாடிலிருந்து கம்ப்யூட்டருக்கு, பாட்டு போகாது. ஒரு ஐபாட் ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியோடு மட்டும்தான் தானாக சிங்க் ஆகும். முதல் ஐபாடைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளிலேயே ‘இசையைத் திருடாதீர்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஒருவரின் பாட்டுகள் இன்னொருவரின் கம்ப்யூட்டருக்குப் போகும் வழியாக ஐபாட் ஆகிவிடக் கூடாது என்ற அக்கறை இந்த ஒருவழிப் பாதையில் தெரிகிறது என்பது என் கருத்து. காரணம் எதுவோ, விளைவு உங்களுக்கு முக்கியம். காலியான புது லைப்ரரியோடு சிங்க் செய்யச் சொன்னால், ஐபாடும் காலியாகிவிடும். சாஃப்ட்வேர் தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்கிறது.

எனவே முதல் வேலை சிங்க் அல்ல, காப்பி. லேப்டாப்பில் ஐட்யூன்ஸைத் திறந்து, அமைப்புகளில் டிவைசஸ் என்ற பகுதிக்குப் போய், ஐபாடுகள் தானாக சிங்க் ஆவதைத் தடுக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். அப்புறம் ஷிஃப்ட், கன்ட்ரோல் இரண்டு பட்டன்களையும் அழுத்திப் பிடித்தபடி ஐபாடை இணையுங்கள். ஐட்யூன்ஸில் ஐபாடின் பெயர் தெரியும் வரை விரலை எடுக்க வேண்டாம். மேக்கில் என்றால் கமாண்ட், ஆப்ஷன். அழிக்கவா என்ற கேள்வி மறுபடி வந்தால் கேன்சல். இதைவிடச் சுலபமான வழி, ஐட்யூன்ஸே இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் இணைப்பது. அங்கே ஐபாட் ஒரு சாதாரண பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

சிலருக்கு விண்டோஸ் ‘இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று சொல்லும். அந்த ஐபாட் முதலில் ஒரு மேக்கோடு அமைக்கப்பட்டது என்று அர்த்தம். மேக்கில் அமைத்த ஐபாடின் ஃபைல் அமைப்பை விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது. ஃபார்மேட் கொடுத்துவிடாமல் ஒரு மேக்கில் இணைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு வேறு லைப்ரரி பற்றிய கேள்வி வந்ததை வைத்துப் பார்த்தால், உங்களுடையது விண்டோஸில் அமைத்த ஐபாடாகத்தான் இருக்க வேண்டும்.

இணைத்ததும் ஐபாடின் டிரைவைத் திறந்தால் பாட்டு ஒன்றும் கண்ணில் படாது. பதற வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் மறைத்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் ஐபாட் கன்ட்ரோல் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள் மியூசிக். அதற்குள்ளே எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள், பெரிய ஐபாடுகளில் எஃப்49 வரை போகும். ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பொருளே இல்லாத நாலு ஆங்கில எழுத்துப் பெயர். ஒரே ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் எட்டு ஃபோல்டரில் சிதறிக் கிடக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தொகுப்பு கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஒன்றும் கெடவில்லை. ஐபாட் ஃபைல் பெயரை வைத்துப் பாட்டைத் தேடுவதில்லை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்பதைத் தனியாக ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது. பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், எத்தனையாவது பாட்டு என்ற விவரங்கள் ஒவ்வொரு ஃபைலின் உள்ளேயே டேக்காகப் பதிந்திருக்கின்றன. வெளிப் பெயர் மாறினாலும் அவை அப்படியே இருக்கும்.

மியூசிக் ஃபோல்டரை மட்டும் எடுக்காமல் ஐபாட் கன்ட்ரோல் ஃபோல்டர் முழுவதையும் லேப்டாப்பில் காப்பி செய்யுங்கள். பிளேலிஸ்ட், ரேட்டிங், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. ஃபைலுக்குள் அவை இல்லை. பாட்டு மட்டும் போதும் என்றால் இந்தக் காப்பியே உங்களுக்குப் போதும். பிளேலிஸ்டும் வேண்டும் என்றால் ஐபாட் டேட்டாபேஸைப் படிக்கத் தெரிந்த ஒரு சாஃப்ட்வேர் தேவை. லினக்ஸ் பழக்கம் இருந்தால் ஜிடிகேபாட், ரிதம்பாக்ஸ் இரண்டும் இதை இலவசமாகச் செய்யும். விண்டோஸில் பணம் வாங்கிக்கொண்டு செய்பவை பல உண்டு. வெறும் பாட்டுக்காக அவற்றுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை, அவை செய்வதும் இதே காப்பியைத்தான்.

ஐபாட் ஹார்ட் டிஸ்க் வகையா, ஃபிளாஷ் (சுற்றும் டிஸ்க் இல்லாத மெமரி சிப்) வகையா என்று நீங்கள் சொல்லவில்லை. கனமான, பெரிய கொள்ளளவு உள்ள மாடல் என்றால் உள்ளே 1.8 அங்குல டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும். வயதான டிஸ்க் என்றால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் இழுத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரு ஃபைல் படிக்க முடியாமல் நின்றால் மொத்தமும் நின்றுவிடும், எது வந்தது எது வரவில்லை என்று தெரியாது. ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். சிக்கல் தருவதை விட்டுவிட்டு மற்றவற்றை முதலில் காப்பாற்றுங்கள், முரண்டு பிடிப்பதற்குக் கடைசியில் திரும்பி வரலாம். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை இதற்கு நல்லது. ஆனால் ஒரு விஷயம்: அதன் இயல்பான அமைப்பில் ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை வரை முயன்றுகொண்டே இருக்கும். வயதான டிஸ்கை அப்படி அடித்துக்கொண்டிருந்தால் இருக்கிற உயிரும் போய்விடலாம். மறுமுயற்சி எண்ணிக்கையை ஒன்று என்று கொடுத்துவிடுங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் எவ்வளவு நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

காப்பி முடிந்ததும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபைல்களை வகைவாரியாக அடுக்கினால் எம்பி3, எம்4ஏ இவற்றோடு எம்4பி என்று முடிபவை சில இருக்கலாம். ஐட்யூன்ஸ் ஸ்டோர் 2003-இல் திறந்தபோது விற்ற பாட்டுகளுக்கு ஃபேர்பிளே என்ற பூட்டு இருந்தது. 2009-இல்தான் எல்லாப் பாட்டுகளுக்கும் அதை எடுத்தார்கள். எம்4பி என்றால் பூட்டு உள்ள பாட்டு. வாங்கிய அதே ஆப்பிள் கணக்கில் ஐட்யூன்ஸை அனுமதித்தால்தான் அது ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் புது பிளேயரிலும் ஓடவே ஓடாது. முன்பு சொன்ன ஒருவழி விதிக்கு விலக்காக, ஐட்யூன்ஸில் ‘வாங்கியவற்றை மாற்று’ என்று ஒரு வசதி உண்டு. அது அந்த ஸ்டோரில் வாங்கியதை மட்டும் லேப்டாப்புக்குக் கொண்டுவரும், சிடியிலிருந்து ஏற்றியவற்றைத் தொடாது. அதை அழுத்திவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி, அப்புறம் அழிக்கச் சம்மதித்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வந்து அழுதவர்கள்.

இனி அந்த நாலு எழுத்துப் பெயர்களை மனிதர் படிக்கும் பெயர்களாக மாற்ற வேண்டும். எம்பி3டேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் மொத்தத்தையும் திறந்து, டேக்கிலிருந்து ஃபைல் பெயரை உருவாக்கச் சொன்னால் பாடியவர், ஆல்பம், பாட்டு என்று ஃபோல்டர்களையும் அதுவே பிரித்துக் கொடுக்கும். டேக் காலியாக இருக்கும் பாட்டுகளுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட், பாட்டின் ஒலியையே அடையாளம் வைத்துப் பெயர் கண்டுபிடிக்கும். பிரபலமான பாட்டுகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், அபூர்வமான பதிவுகளுக்குச் சில நேரம் தப்பான பெயர் ஒட்டிவிடும். எனவே அது சொல்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு சேவ் செய்யுங்கள். பாட்டு எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாக வையுங்கள். இல்லாவிட்டால் பல பிளேயர்கள் 1-க்குப் பின் 10-ஐயும் 11-ஐயும் பாடிவிட்டுத்தான் 2-க்கு வரும்.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், ஃபைலில் தப்பில்லை. கேள்விக்குறியாகவோ புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகவோ தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது டேக் எழுதிய முறையை. எம்பி3-இல் ஐடி3 என்ற டேக் பல பதிப்புகளாக வந்தது. முதல் பதிப்பு ஃபைலின் வாலில் ஒட்டியிருக்கும் வெறும் 128 பைட், அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துப் பதிவு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் 3 பைட் வேண்டும், அதாவது பத்துக் குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘கண்ணே’ என்பதற்கே ஐந்து போய்விடும். எம்பி3டேக்கில் எழுதும் முறையை ஐடி3 2.3, யூடிஎஃப்-16 என்று வையுங்கள். 2.4 இன்னும் புதியது, யூடிஎஃப்-8-ஐயும் ஏற்கும். ஆனால் பழைய பிளேயர்கள் பல அதைச் சரியாகப் படிப்பதில்லை, 2.3 அநேகமாக எல்லா இடத்திலும் ஓடும் என்பதே என் அனுபவம். எம்4ஏ ஃபைல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றின் டேக் யூடிஎஃப்-8-இல்தான் இருக்கும்.

இப்போது லேப்டாப்பில் இருக்கும் இந்த ஃபோல்டர்தான் அசல். இனி பெயர் திருத்துவது, சேர்ப்பது, நீக்குவது எல்லாம் இங்கே மட்டும். பிளேயரும் போனும் நகல்கள். இந்த அசலுக்கு வெளி டிஸ்கில் இன்னொரு பிரதி எடுத்து, அதை சிங்க் வேலையில் சேர்க்காமல் தனியே வையுங்கள். சிங்க் செய்வதை பேக்கப் என்று நினைக்கக் கூடாது. அசலில் கை தவறி ஒரு ஃபோல்டரை நீக்கினால், சிங்க் அந்த நீக்கத்தையும் கடமையாக எல்லா நகலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மெமரி கார்டு பிளேயருக்குப் பாட்டு ஏற்றுவதுதான் இருப்பதிலேயே எளிது. கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு, ஃப்ரீஃபைல்சிங்க் மாதிரி, ஃபோல்டர்களை ஒப்பிட்டு காப்பி செய்யும் ஒரு சாஃப்ட்வேரில் லேப்டாப்பிலிருந்து கார்டுக்கு ஒருவழிப் பாதை வையுங்கள். இருவழி வேண்டாம். ஒவ்வொரு முறையும், மாறாத பாட்டுகளையும் சேர்த்து மொத்தத்தையும் மறுபடி காப்பி செய்கிறது என்று பலர் புலம்புவார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் கார்டின் ஃபைல் அமைப்பு. ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் ஒரு ஃபைல் மாற்றப்பட்ட நேரம் இரண்டு விநாடி அளவில்தான் பதிவாகும். லேப்டாப்பில் 10 மணி 15 நிமிடம் 7 விநாடி என்று இருப்பது கார்டில் 8 ஆகிவிடும். நேரம் வேறு, எனவே ஃபைல் வேறு என்று சாஃப்ட்வேர் நினைத்துக்கொள்ளும். நேர வித்தியாசத்தில் இரண்டு விநாடி பொறுத்துக்கொள் என்று அமைப்பில் சொன்னால் பிரச்சினை தீரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும், சில பிளேயர்கள் அதைப் படிக்காது. உங்கள் பிளேயரின் கையேட்டில் பாருங்கள்.

பாட்டு வரிசை மாறி ஓடினால் அதற்கும் ஃபேட் காரணமாக இருக்கலாம். எளிய பிளேயர்கள் பெயரைப் பார்த்து அடுக்காமல், கார்டில் எந்தப் பாட்டு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். ஃபேட்சார்ட் என்ற சின்ன நிரல் கார்டில் அந்தப் பட்டியலையே அடுக்கி வைத்துவிடும். பிளேலிஸ்டை எம்3யூ8 வகையாக, ஃபைல் இருக்கும் இடத்தை டிரைவ் எழுத்தில்லாமல் சார்பு முகவரியாக (பிளேலிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து ஃபைல் எங்கே என்று மட்டும் சொல்வது) எழுதச் சொல்லி சேவ் செய்யுங்கள். லேப்டாப்பின் சி டிரைவ் முகவரியைக் கொடுத்தால் பிளேயருக்கு ஒன்றும் புரியாது. எடுக்கும்போது எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். திரையில் காப்பி முடிந்தது என்று வந்த பிறகும் கொஞ்சம் எழுத வேண்டியது மீதி இருக்கலாம்.

போன் வேறு ரகம். ஆண்ட்ராய்டு எம்டிபி என்ற முறையில் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. அதில் போன் தன் சேமிப்பிடத்தைக் கையில் கொடுப்பதில்லை; கேட்டால் ஃபைலை எடுத்துத் தரும், கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் மெதுவாக இருக்கும், பல போன்களில் ஃபைலின் பழைய நேரமும் மாறிவிடும். எனவே நேரத்தை வைத்து ஒப்பிடாமல் பெயரையும் அளவையும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். போனில் கார்டு போட இடம் இருந்தால், அந்தக் கார்டையும் ரீடரில் போட்டு முன்போலவே செய்வது எனக்குப் பிடித்த வழி. இல்லாவிட்டால் மியூசிக்பீ என்ற சாஃப்ட்வேர் போதும், பிளேலிஸ்டோடு சேர்த்து ஏற்றும். வயரை இணைத்தும் போன் லேப்டாப்பில் தெரியவே இல்லை என்றால், சாஃப்ட்வேரைக் குறை சொல்வதற்கு முன்னால் வயரை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் நிறைய உண்டு.

வகை மாற்றுவதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. எம்4ஏ என்ற ஒரே பெயருக்குள் ஒலியைக் கொஞ்சம் இழந்து சுருக்கும் ஏஏசி, இழக்காமல் சுருக்கும் ஆப்பிள் லாஸ்லெஸ் என்று இரண்டு வகை ஒளிந்திருக்கின்றன. முதலாவது அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும், இரண்டாவது சில பிளேயர்களில் ஓடாது. லாஸ்லெஸ்ஸை ஃபிளாக் என்ற இன்னொரு இழப்பில்லாத வகையாக மாற்றினால் ஒலியில் ஒன்றும் குறையாது. ஏஏசியை எம்பி3 ஆக மாற்றினால் கொஞ்சம் குறையும், திரும்பக் கிடைக்காது. அதை அசலில் செய்யாதீர்கள். தேவைப்பட்டால் நகலுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம், மியூசிக்பீயில் அந்த வசதி இருக்கிறது.

இவ்வளவும் கிளிக் வீல் ஐபாடுக்குத்தான். யாராவது ஐபாட் டச்சுக்கு இதே வழியைத் தேடி வந்திருந்தால், அது டிரைவாகத் தெரியாது, இந்த ஃபோல்டர்களைப் பார்க்கவும் முடியாது. அதற்குத் தனி வழி வேண்டும். உங்கள் விஷயத்தில், லேப்டாப்பில் வந்த பாட்டுகளின் எண்ணிக்கையை ஐபாடின் ‘அபவுட்’ திரையில் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தி, வெளி டிஸ்கிலும் ஒரு பிரதி ஏறிய பிறகு, ஐட்யூன்ஸ் அழிக்கவா என்று கேட்டால் தாராளமாகச் சம்மதிக்கலாம். பொருந்தவில்லை என்றால், எந்த மாடல், எந்த ஃபோல்டரில் நின்றது, என்ன எர்ரர் வந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.